கூட்டம் கூட்டமாய் இருந்தால் அழியாதா?

“அரிய பறவைதான் அழியும். எங்கும் திரிகிற பறவைகளைப் பருவநிலை மாற்றம் ஒன்றும் செய்யாது. கணினிக் கணிப்பைக் காட்டிப் பயமுறுத்துகிறார்கள்.” பறவைகளைப் பற்றிப் பேசப்போகிற இடமெல்லாம் இதைக் கேட்டு அலுத்துவிட்டது. நன்கு படித்தவர்களே சொல்வதுதான் ஆத்திரமூட்டுகிறது.

சரி, கணிப்பே வேண்டாம். எண்ணிப் பார்த்த கணக்கைச் சொல்கிறேன். ‘காமன் மர்’ என்றொரு கடற்பறவை. கரிய முதுகு, வெள்ளை வயிறு. வடகடல் பாறைகளில் ஆயிரக்கணக்கில் நெருக்கியடித்து முட்டையிடும். 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக் கடல் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறிக் கிடந்தது. இரையான சிறுமீன்கள் குறைந்தன, கிடைத்தவையும் மெலிந்திருந்தன. வெப்பத்தால் பசி கூடிய பெரிய மீன்கள் அவற்றுக்கும் போட்டிக்கு வந்தன. இந்தப் பறவையோ நாளொன்றுக்குத் தன் எடையில் பாதியளவு தின்றாக வேண்டும். சில நாள் பட்டினியே கொன்றுவிடும். கலிஃபோர்னியா முதல் அலாஸ்கா வரை கரையொதுங்கிய உடல்கள் மட்டும் சுமார் 62,000. அலாஸ்காவில் ஏறத்தாழ 40 லட்சம் பறவைகள், அதாவது அங்கிருந்தவற்றில் பாதி, மடிந்துபோனதாக 2024இல் ‘சயின்ஸ்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். 13 இனப்பெருக்க இடங்களில் 52 முதல் 78 சதவீதம் வரை சரிவு. 2022 வரை மீண்டதற்கான அறிகுறியே இல்லை. 1989இல் இதே அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் கொட்டிய எண்ணெய் கொன்ற பறவைகள் சுமார் இரண்டரை லட்சம் என்பது மதிப்பீடு. அதற்கு உலகமே பதறியது!

“சிறகு இருக்கிறதே, வேறிடம் போகாதா?” போகலாம். போன இடத்தில் மீனும் முட்டையிடப் பாறையும் வேண்டாமா?

“மயில் பெருகிவிட்டதே?” மயில் பெருகினால் மற்றவையும் நலம் என்றாகிவிடாது.

“சிட்டுக்குருவியைச் செல்போன் கோபுரம் கொன்றது.” ஆதாரம் இல்லை. விடுங்கள்.

எல்லாச் சரிவுக்கும் வெப்பமே காரணம் என்று நான் சொல்லவில்லை. வட அமெரிக்காவில் 1970க்குப் பிறகு குறைந்துபோன சுமார் 290 கோடி பறவைகளில் பெரும்பகுதி சாதாரணப் பறவைகளே. அங்கே வாழிட அழிவுக்குத்தான் பெரும்பங்கு என்று கருதப்படுகிறது. எது எதனால் குறைகிறது என்று பிரித்தறிய வேண்டுமானால் முதலில் எண்ண வேண்டும். வெப்பம் வருமுன்பே அலாஸ்காவில் எண்ணிவைத்திருந்ததால்தான் பாதி போனது தெரிந்தது.

நம் ஊரிலும் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. அரிய பறவையைப் படம்பிடிக்க ஓடுகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: மொட்டைமாடியில் கால்மணி நேரம் நின்று காகத்தையும் மைனாவையும் எண்ணி, பறவைக் கணக்குகளைச் சேர்க்கும் இ-பேர்டு இணையதளத்தில் பதிவிடுங்கள்.