சுவரையொட்டி ஓர் ஆப்பிள் மரம்

இங்கிலாந்தில் பல வீடுகளுக்குக் கொல்லை கையகலம்தான். ஆப்பிள் வைக்க இடமில்லை என்று ஏங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சுவரைப் பாருங்கள். கிளைகளை இருபுறமும் கம்பியில் கட்டித் தட்டையாக வளர்க்கும் இந்த முறைக்கு எஸ்பாலியே என்று பெயர். பிரான்சின் வெர்சாயில் பதினான்காம் லூயி மன்னருக்காகத் தோட்டக்கலைஞர் லா கிண்டினி 1678 முதல் 1683 வரை உருவாக்கிய தோட்டத்தில் இன்றும் இத்தகைய மரங்கள் உண்டு.

இந்த முறையில் நான் கற்றதில் முக்கியமானது, கிளையின் சாய்வு. நிமிர்ந்த கிளை வளர்ச்சியிலேயே குறியாக இருக்கும். படுக்கவைத்த கிளை பூமொட்டு வைக்கும்.

கன்று: எம்26 அல்லது எம்எம்106 வேர்ச்செடியில் ஒட்டியதாக வாங்குங்கள். கிளை நுனியில் காய்க்கும் ரகம் இதற்கு ஒத்துவராது. அதே சமயத்தில் பூக்கும் வேறொரு ரகம் அக்கம்பக்கத்தில் இருக்க வேண்டும்.

கம்பி: நடுவதற்கு முன்பே, 40 செ.மீ. இடைவெளியில் இழுத்துக் கட்டிவிடுங்கள். சுவரடியில் மழை அதிகம் விழாது, அதனால் 20 செ.மீ. தள்ளி நட்டு, கோடையில் தவறாமல் தண்ணீர் விடுங்கள்.

முதல் வெட்டு: குளிர்காலத்தில், முதல் கம்பியை ஒட்டி, மூன்று நல்ல மொட்டுகளுக்கு மேலே வெட்டுங்கள். மேல் மொட்டின் தளிர் நேராகப் போகட்டும். மற்ற இரண்டையும் மூங்கில் குச்சியில் 45 பாகை சாய்வில் கட்டுங்கள். இலையுதிர்காலக் கடைசியில் கம்பி மட்டத்துக்கு இறக்கலாம். அதற்கு முன் கோடையில் ஒரு பக்கக் கிளை மெலிந்திருந்தால் அதைச் சற்று நிமிர்த்துங்கள், தடித்ததைத் தாழ்த்துங்கள். அந்தக் கோடையிலேயே மெலிந்தது எட்டிப்பிடிப்பதை என் மரத்தில் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு குளிர்காலமும் இப்படி ஓர் அடுக்கு.

கவாத்து: ஆகஸ்ட் பிற்பகுதியில், பக்கத் தளிர்களின் அடி முற்றிய பிறகு, அடியிலுள்ள இலைக்கொத்துக்கு மேல் மூன்று இலை விட்டு நறுக்குங்கள். காய்க்கும் குட்டைக் கிளைகள் அங்கேதான் உருவாகும். கட்டிய கயிறு தண்டை இறுக்குகிறதா என்று ஆண்டுக்கொருமுறை பார்த்துத் தளர்த்துங்கள்.

பிளம், பீச், செர்ரிக்கு இந்த அடுக்கு வடிவம் வேண்டாம், விசிறியாகப் பரப்புங்கள். அவற்றைக் குளிர்காலத்தில் வெட்டவே கூடாது. வெள்ளியிலை நோய்ப் பூஞ்சை வெட்டுக்காயம் வழியாகப் புகுந்துவிடும்.

மண்ணில்லாத வேரோடு விற்கும் மலிவான கன்றுகள் நவம்பர் முதல் மார்ச் வரை கிடைக்கும். வெயில் விழும் சுவர் ஒன்று சும்மா இருந்தால், இந்தக் குளிர்காலத்திலேயே கம்பி கட்டிவிடுங்கள்.