கவசம் எந்த உறுப்பையும் விடவில்லை

வேலும் மயிலும் துணை.

கந்த சஷ்டி கவசத்தில் தேவராய சுவாமிகள் தலை முதல் பாதம் வரை ஒவ்வொரு உறுப்பாகப் பேர் சொல்லிக் காப்பு கேட்கிறார். வெட்கப்பட்டு எதையும் விடவில்லை. இதை எனக்குப் புரிய வைத்தது எங்கம்மா.

எங்க ஊர் அணைக்கட்டு. அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை. மார்பில் வந்த கட்டியை வெட்கத்தில் ஐந்து மாசம் மறைச்சிட்டாங்க. பயாப்ஸியில் கேன்சர் என்று வந்ததும் நானும் மறைத்தேன். "சாதாரணக் கட்டிதாம்மா." மாமாவோ, "கத்தி பட்டா பரவிடும், நாட்டு மருந்து போதும்" என்றார்.

கிருத்திகை அன்று கவசம் படித்து முடித்து அம்மா கேட்டாங்க: "முருகன்கிட்ட பேர் சொல்லித்தானே கேக்கறேன். என் நோயோட பேரை நீ சொல்ல மாட்டியா?"

சொன்னேன். அழுதாங்க. பிறகு, "டாக்டர்கிட்ட நானே பேசறேன்" என்றாங்க.

நான் கற்றது:

1. ஆபரேஷன் செய்வதால் கேன்சர் பரவாது. தள்ளிப்போட்டால்தான் பரவும்.

2. என்ன ஸ்டேஜ், ஆபரேஷன் முதலிலா கீமோ முதலிலா, மார்பு முழுதும் எடுக்கணுமா என்று நோட்டில் எழுதிப்போய் கேளுங்க. இன்னொரு டாக்டரிடம் கேட்பதும் தப்பில்லை.

3. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று முதல் நாளே விசாரிங்க.

4. முடிவு அவங்களுடையது. நாம் துணை மட்டுமே.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அன்று 12 படுக்கைகள். பக்தியும் அப்படித்தான், கும்பிட்ட கை வேலையும் செய்யணும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது. நாலு கீமோ பாக்கி. இன்றே உங்க அம்மாவிடம், "உடம்புல ஏதாவது கட்டி இருக்காம்மா?" என்று கேளுங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!