முதுமையில் உடலுரம்: மலைநாட்டு இல்லங்களுக்கு ஏற்ற முறை

மலைநாட்டில் வாழ்பவர்க்கு உடற்பயிற்சியும் வேண்டுமோ என்று வினவுவார் உளர். ஏறினால் மேடு, இறங்கினால் பள்ளம். கடைக்குச் செல்லினும் கோயிலுக்குச் செல்லினும் படியேறாது தீராது. இத்தகைய நிலத்தில் வாழ்தலே ஒரு பயிற்சியன்றோ என்பது அவர்தம் கூற்று. இக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் அது பாதி உண்மையே. மனிதரை மேட்டில் ஏற்றி இறக்குவது அவர்தம் தொழில். தொழில் ஓய்ந்த நாளில் மேடு அவ்விடத்திலேயே நிற்கிறது. மனிதரோ அடுப்பங்கரையில் அமர்ந்துவிடுகிறார்.

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோருட் பலர் அட்டன், தலவாக்கலை, நுவரெலியா முதலிய இடங்களில் ஆசிரியராகவும், தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாகவும், எழுதுவினைஞராகவும், வணிகராகவும் பல்லாண்டு வாழ்ந்தவர்கள். அவருட் சிலர் ஓய்வுக் காலத்தையும் அங்கேயே கழிக்கின்றனர். யாமும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவரே. எனவே இப்பொருளைப் பற்றிச் சில கூற எமக்கு உரிமை உண்டென நம்புகின்றோம்.

முதற்கண் எம் அநுபவம் ஒன்று. ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டுத் தைப்பொங்கலன்று வாசலிற் கோலமிட்ட இடத்தருகே பாயில் அமர்ந்து வழிபட்டோம். வழிபாடு முடிந்தது, எழ முயன்றோம், இயலவில்லை. பேரன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். அவன் அதனைப் பெரிதாகக் கருதவில்லை. எமக்கோ அன்று பொங்கல் இனிக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்க்கையில், வேட்டியின் சுற்று இடுப்பிற் குறைந்துகொண்டு வந்தமையும், தொடை மெலிந்தமையும் ஒருங்கே புலனாயின. வயிறு வளர்ந்தது, கால் தேய்ந்தது. ஆயினும் தராசு காட்டிய நிறை ஐந்தாண்டுகளாக ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. தராசை மட்டும் நம்புவோர் இவ்வாறே ஏமாறுவர்.

தசைத் தேய்வு

முப்பது வயதுக்குப் பின் மனித உடலின் தசை சிறிது சிறிதாகக் குறைகின்றது. பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறைவதாகக் கணக்கிட்டுள்ளனர். அறுபதைத் தாண்டியபின் வேகம் மிகும். இந்நிலைக்கு 1989ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் இர்வின் ரோசன்பேர்க் 'சார்கோபீனியா' எனப் பெயரிட்டார். தமிழில் தசைத் தேய்வு எனலாம். உணவிற் கிடைக்கும் சர்க்கரையைப் பெருமளவில் ஏற்றுக்கொள்வது தசையே. ஆதலின் தசை குறையுமிடத்து நீரிழிவுக்கு வாயில் திறக்கின்றது. கால் வலி குன்றுமிடத்து வீழ்ச்சியும், வீழ்ச்சியினால் இடுப்பெலும்பு முறிவும் நேர்கின்றன. ஈரமான படியும் சறுக்கும் மண்பாதையும் உள்ள மலைநாட்டில் ஒரு வீழ்ச்சி முதியவரை எஞ்சிய நாள் முழுவதும் கட்டிலில் கிடத்திவிடக் கூடும்.

தொழிலுக்கும் நெஞ்சுக்கும் உள்ள தொடர்பை முதன்முதல் தெளிவுற விளக்கியவர் இலண்டன் வைத்திய அறிஞர் ஜெரி மொரிஸ் ஆவர். அவர் அந்நகரத்து மாடி பஸ்களில் வேலைசெய்த சாரதிகளையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்து, முடிவுகளை 1953இல் வெளியிட்டார். இருசாராரும் ஒரே பஸ்ஸில் ஒரே பாதையிற் செல்பவர். சாரதி நாள்முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் வரை ஏறியிறங்குவார். சாரதிகளைவிட நடத்துநர்களுக்கு இருதய நோய் குறைவாகவும், வந்தவிடத்தும் அதனால் இறப்பு குறைவாகவும் இருந்தன. மொரிஸ் தாமும் முதுமை வரை நீந்தியும் நடந்தும் வாழ்ந்து, 2009இல் தமது 99ஆம் வயதிற் காலமானார்.

இதனைத் தோட்டத்தோடு பொருத்திக் காண்க. கூடையையோ சாக்கையோ தாங்கிச் சரிவில் நாள்முழுதும் நின்று கொழுந்தெடுத்த பெண் இலண்டன் நடத்துநரைப் போன்றவள். ஓய்வுபெற்று லயத்து அறையில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும் அதே பெண் சாரதியைப் போன்றவள். உழைப்பு நின்றுவிட்டது. உணவோ உழைத்த நாளின் அளவிலேயே தொடர்கின்றது. கொழுந்தெடுக்காத எழுதுவினைஞருக்கும் ஆசிரியருக்கும் இது பின்னும் பொருந்தும்.

பசியின் நினைவு

உணவைக் குறைக்கச் சொல்லுமுன் ஒன்றை நினைவுகூர வேண்டும். 1973, 1974 ஆம் ஆண்டுகளில் இந்நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது தோட்ட மக்கள் பட்ட பசி கொடிது. அந்நாளை அறிந்த ஒரு மூதாட்டி, தட்டு நிறைய ரொட்டி வைத்தலை அன்பென்றும், பருத்த உடலைச் செல்வமென்றும் கருதுவாராயின் அவரைக் குறைகூறுதல் அறமாகாது. ஆயினும் அப்பசிக்கே ஒரு பின்விளைவு உண்டு. கருவிலும் குழவிப் பருவத்திலும் போதிய உணவின்றி வளர்ந்தவர், பிற்காலத்தில் நிறை கூடின் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகக் கூடும் என்று 1992இல் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் எடுத்துரைத்தனர். ஆகவே பசியறிந்த குடும்பத்தினர் பிறரினும் மிகுதியாக விழிப்புடன் இருத்தல் வேண்டும்.

நாட்டின் மரக்கறிகளுட் பல நுவரெலியா மாவட்டத்தில் விளைகின்றன. கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி யாவும் நம் கண்முன் லொறியேறிக் கொழும்புக்குச் செல்கின்றன. நமது தட்டிலோ கோதுமை மா ரொட்டியும் சம்பலும். ரொட்டியை அறவே விடுமாறு யாம் கூறவில்லை. மூன்று உண்பவர் இரண்டுண்டு, மூன்றாவதன் இடத்தைக் கோவாச் சுண்டலுக்கும் பருப்புக்கும் விடுக. தசைக்குப் புரதம் வேண்டும். முதியவருக்கு நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் தகும் என்பது இன்றைய கருத்து. பருப்பு, பயறு, கடலை, முட்டை, தயிர், நெத்தலி ஆகியவற்றில் இயன்றதை ஒவ்வொரு வேளையிலும் சேர்க்க. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் வைத்தியரைக் கேட்டபின் செய்க.

இனித் தேநீர். ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டி சீனியாக நாளொன்றுக்கு ஐந்து கோப்பை அருந்துபவர் ஏறக்குறைய 50 கிராம் சீனி, அதாவது 200 கலோரி உட்கொள்கின்றார். 60 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு மணி நேரம் நடந்தால் செலவாவதும் ஏறக்குறைய அதே அளவே. ஒரு மணி நேர நடையை ஐந்து கோப்பைகள் விழுங்கிவிடுகின்றன. சாயத்தண்ணீரைச் சீனியின்றிப் பருகப் பழகுவோர், வாரந்தோறும் அரைத் தேக்கரண்டி வீதம் குறைத்து வரின் நாவும் அதற்கு இசையும்.

அளவுகோல்

நிறையைக் குறைத்தல் நன்றே. ஆனால் பட்டினி கிடந்து விரைவாகக் குறைத்தல் முதுமையில் தீது. அங்ஙனம் குறைவதில் கொழுப்போடு தசையும் கரைந்து போகும். வாரத்துக்கு அரைக் கிலோகிராமுக்கு மேற் குறைய முயலற்க. முயலாமலே நிறை குறையுமாயின் அது நோயின் அறிகுறியாகலாம். அப்போது மகிழாது வைத்தியரை நாடுக.

தராசினும் சிறந்த அளவுகோல்கள் இரண்டு உள. ஒன்று இடுப்பளவு. தெற்காசியருள் ஆணுக்கு 90 சென்ரிமீற்றரையும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரையும் அது தாண்டுதல் ஆகாது. மற்றது நாற்காலிச் சோதனை. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 விநாடிகளில் எத்தனை முறை நிமிர்ந்து எழமுடிகிறது என எண்ணுக. 65 முதல் 69 வயது வரையுள்ள ஆண் 12 முறைக்குக் குறைவாகவும் பெண் 11 முறைக்குக் குறைவாகவும் எழுந்தால் கால்கள் வலி குன்றியுள்ளன என்பது பொருள். யாம் முதன்முறை செய்தபோது எட்டுடன் நின்றுவிட்டோம்.

வீட்டுப் பயிற்சி

வைகாசி தொடங்கி மாதக்கணக்காய் மழை பெய்யும் மேற்கு மலைச்சரிவுகளில், வெளியே நடப்பதை மட்டும் நம்புவோர் ஆண்டிற் பாதி நாள் சும்மா இருப்பர். ஆதலின் அறைக்குள்ளே செய்யத்தக்க ஆறினைக் கூறுகின்றோம். குளிரில் உடல் இறுகியிருக்குமாதலால், முதலில் ஐந்து நிமிடம் நின்ற இடத்திலேயே நடந்து உடலைச் சூடாக்குக.

1. எழுந்தமர்தல்: உறுதியான நாற்காலியைச் சுவரோடு சேர்த்து வைத்து, எழுந்து மெல்ல அமர்க. இயலாதோர் முதலிற் கையூன்றிச் செய்க. பிள்ளையார் முன்னிலையில் சிறுவயதில் யாவரும் இட்ட தோப்புக்கரணமும் இவ்வினத்ததே. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அரைவாசி தாழ்ந்தெழுந்தாலும் பயன் உண்டு.

2. சுவர் தள்ளுதல்: ஓரடி விலகி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொணர்ந்து மீள்க.

3. குதிகால் உயர்த்துதல்: மேசையைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழுந்து மெல்ல இறங்குக.

4. படியேறல்: வாசற்படியில் ஒரு கால் மாறி மறுகால் வைத்து ஏறியிறங்குக. நிலையைப் பிடித்துக்கொள்க. படி ஈரமாயின் தவிர்க்க.

5. சுமை தூக்கல்: ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். இரண்டு போத்தல்களை நீரால் நிரப்பி, கைக்கொன்றாக ஏந்தி, தோள்வரை உயர்த்தி இறக்குக.

6. நிலைபெற நிற்றல்: மேசையருகே ஒரு காலில் பத்து விநாடி நிற்க, பின் ஒரு பாதத்தின் குதி மறு பாதத்தின் விரலைத் தொடுமாறு நேர்கோட்டில் நடக்க.

முதல் ஐந்தையும் 8 முதல் 12 முறை வீதம் இரண்டு சுற்று, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாள் விட்டுச் செய்க. 12 எளிதாயின் சுமையைச் சிறிது கூட்டுக. ஆறாவதை வாரம் மூன்று நாளேனும் செய்க. இவற்றோடு வாரத்தில் 150 நிமிடமாயினும் நடத்தல் வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்துள்ளது. பேச முடிய வேண்டும், பாட முடியலாகாது. அதுவே நடையின் தக்க வேகம்.

நெஞ்சு நோவோ தலைச்சுற்றோ கண்டால் உடனே நிறுத்துக. இருதய நோயுள்ளோரும், இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காதோரும் வைத்தியர் அநுமதி பெற்றே தொடங்குக. நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் வெறுவயிற்றிற் செய்யற்க. நாள்தோறும் பாதத்தைப் பார்த்துப் புண் இன்மையை உறுதி செய்க.

காலங் கடந்ததோ?

இவ்வயதில் தொடங்கிப் பயன் யாது எனச் சோர்வோருக்கு மூன்று சான்றுகள் தருகின்றோம். 1990இல் பொஸ்ரன் நகரில் மரியா பியாட்டரோன் என்னும் வைத்திய அறிஞர், முதியோர் இல்லத்தில் தொண்ணூறு வயதை அடுத்திருந்த சிலருக்கு எட்டு வாரம் சுமைப் பயிற்சி அளித்தார். அவர்தம் கால் வலி சராசரி 174 சதவீதம் கூடியது. 2002இல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பாய்வில், உணவும் நடையும் திருத்தியோருக்கு நோய் தோன்றும் வீதம் 58 சதவீதம் குறைந்தது. அறுபது வயதைத் தாண்டியோரிடமோ 71 சதவீதம் குறைந்தது. 2006இல் சென்னை வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் வெளியிட்ட இந்திய ஆய்வு நமக்கு இன்னும் அணித்தானது. அதில் வாழ்முறையைத் திருத்தியோருக்கு நிறை அதிகம் குறையவில்லை; எனினும் நீரிழிவு 28.5 சதவீதம் குறைந்தது. தராசின் முள் அசையாவிடினும் உள்ளே உடல் திருந்துகின்றது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எமக்கும் அதுவே நிகழ்ந்தது. ஓராண்டில் குறைந்த நிறை மூன்று கிலோகிராமே. ஆனால் இடுப்பு ஏழு சென்ரிமீற்றர் சுருங்கியது. நாற்காலிச் சோதனையில் எட்டு பதினான்காயிற்று. இடையில் இருமுறை சோம்பலால் விட்டுவிட்டு மீண்டும் தொடங்கினோம் என்பதையும் மறைக்கவில்லை. அடுத்த தைப்பொங்கலன்று பாயில் அமர்ந்தோம். பேரன் பழைய நினைவில் கை நீட்டினான். ஒரு முழங்காலை ஊன்றி யாமே எழுந்தோம்.

மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை நல்லதண்ணி வழியாக 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலைக்கு ஏறுவோருள் தடியூன்றிய முதியோரையும் காண்கின்றோம். யாவரும் அம்மலையேற வேண்டும் என்பதன்று எம் விருப்பம். தம் வீட்டுப் படியைத் தாமே ஏறி, தம் குளியலறைக்குத் தாமே சென்று, பிறர் கையை அன்பின் பொருட்டன்றித் தேவையின் பொருட்டுப் பற்றாது வாழ்தலே முதுமையின் செல்வம்.

இக்கல்லூரியில் இன்று பயிலும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் வீடு செல்லும்போது உங்கள் பாட்டனாரையும் பாட்டியாரையும் நாற்காலியில் இருத்தி, 30 விநாடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை குறைவாயின் நகைக்காதீர்கள். அருகில் நின்று, நாள்தோறும் அவர்களோடு எழுந்தமருங்கள்.