என்கிளெக்ஸ் எழுதப்போகும் சிஸ்டர்களுக்கு…

அமெரிக்காவில் நர்ஸாகப் பதிவு பெற எழுதவேண்டிய என்கிளெக்ஸ்-ஆர்.என். தேர்வுக்குச் சென்னையிலேயே மையம் இருக்கிறது. பல வருடம் ஐ.சி.யூ. பார்த்தவர்கள்கூட இதில் தடுமாறுகிறார்கள். பாடம் தெரியாததால் அல்ல, நம் வார்டில் நடப்பதை மனதில் வைத்துப் பதில் சொல்வதால்தான். அதை வீட்டிலிருந்தபடியே சரிசெய்துகொள்ள:

1. விண்ணப்பிக்கும் முன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சான்றிதழில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கல்யாணத்துக்குப் பின் ஆதாரில் கணவர் பெயர் என்று மூன்று விதமாக இருப்பது நம் வீடுகளில் சகஜம். பதிவு செய்த பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2. பழைய மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மருந்துப் பெயர்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். பாரசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின். சால்பூட்டமால் ஆல்பியூட்டெரால். பெதிடின் மெபெரிடின். கேள்விகளில் பெரும்பாலும் ஜெனரிக் பெயர்தான் வரும் என்பதால், டோலோ, லாசிக்ஸ் என்று சொல்லியே பழகிய வாய்க்கு இந்தப் பயிற்சி அவசியம்.

3. ‘எந்த வேலையை யாரிடம் கொடுப்பீர்கள்?’ நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. நம் ஊரில் நோயாளியைத் துடைத்துவிடுவதும் ஊட்டிவிடுவதும் கூடவே இருக்கும் அம்மாவோ அக்காவோ. பெட்பேன் வைப்பது ஆயாம்மா. கேள்வித்தாளில் வரும் வார்டில் இவர்கள் கிடையாது. ஆர்.என்., அவருக்குக் கீழே எல்.பி.என்., அதற்கும் கீழே நர்சிங் உதவியாளர் என்று வேலை பிரிகிறது. நோயாளியை மதிப்பிடுவது, அவருக்குக் கற்றுக்கொடுப்பது, பலன் கிடைத்ததா என்று பார்ப்பது ஆகிய மூன்றையும் ஆர்.என். கைமாற்றக் கூடாது. நிலைமை சீராக இருப்பவரின் பி.பி., டெம்பரேச்சர் பார்ப்பதை உதவியாளரிடம் கொடுக்கலாம். உணவு ஊட்டுவதையும் கொடுக்கலாம். ஆனால் பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவருக்கு ஊட்டும் வேலையைக் கொடுக்கக் கூடாது. இப்படிப்பட்ட சின்னச் சின்ன விதிவிலக்குகளில்தான் கேள்வியே ஒளிந்திருக்கும்.

4. ‘டாக்டருக்குச் சொல்வேன்’ என்ற பதிலைப் பார்த்ததும் டிக் செய்யாதீர்கள். அதற்கு முன் நர்ஸ் செய்யவேண்டியது ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிரும் காய்ச்சலும் வந்தால் முதலில் ரத்தத்தை நிறுத்துங்கள். போன் பிறகு.

5. ‘பொருந்தும் அனைத்தையும் தேர்ந்தெடுக்க’ என்ற வகையில் சரியானதற்கு ஒரு மதிப்பெண் கூடும், தவறானதற்கு ஒன்று குறையும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் சந்தேகத்துக்கு எல்லாவற்றையும் அமுக்கி வைப்பது லாபமில்லை.

6. 2023 ஏப்ரலில் வந்த புதிய முறையில் ஒரே நோயாளியைப் பற்றி அடுத்தடுத்து ஆறு கேள்விகள் வரும். அதற்குத் தனிப் புத்தகம் வாங்கவேண்டாம் என்பது என் கட்சி. டியூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது அன்று பார்த்த ஒரு நோயாளியை நினைத்துக்கொள்ளுங்கள். எது கண்ணில் பட்டது, அதற்கு என்ன அர்த்தம், எது அவசரம், என்னென்ன செய்யலாம், எதைச் செய்தேன், பலித்ததா? தேர்வு கேட்கும் ஆறும் இதே வரிசைதான்.

7. எடை பவுண்டிலும் வரலாம். 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்குங்கள். 154 பவுண்டு என்றால் 70 கிலோ. ஒரு டேபிள்ஸ்பூன் 15 மி.லி., ஒரு அவுன்ஸ் 30 மி.லி. கால்குலேட்டர் திரையிலேயே இருக்கும்.

8. காசநோய், தட்டம்மை, சின்னம்மை மூன்றும் காற்றில் பரவுபவை. சி.டிஃப் வயிற்றுப்போக்கு நோயாளியைப் பார்த்த பிறகு சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும்.

9. மாதிரித் தேர்வில் எத்தனை கேள்வி போட்டீர்கள் என்று எண்ணாதீர்கள். விளக்கத்தைப் படியுங்கள், சரியாகப் போட்ட கேள்விக்கும் சேர்த்து. குருட்டாம்போக்கில் சரியானவை எத்தனை என்பது அப்போது தெரியும். நைட் டியூட்டி முடிந்த காலையில் புதுப் பாடம் ஏறாது. தூங்குங்கள்.

10. வாரம் ஒருநாள், போன் இல்லாமல், நொறுக்குத் தீனி இல்லாமல், ஒரே மூச்சில் 85 கேள்வி. உண்மைத் தேர்வில் குறைந்தது 85, அதிகபட்சம் 150. இடைவேளையும் சேர்த்து ஐந்து மணி நேரம். தாண்டிப்போன கேள்விக்குத் திரும்ப முடியாது என்பதால் வீட்டிலும் பின்னால் திரும்பாமல் போட்டுப் பழகுங்கள். நீங்கள் சரியாகச் சொல்லச்சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். அதனால் கேள்விகள் கடுமையானால் கலங்கவேண்டாம். 85-லேயே திரை நின்றுவிட்டதா? அது தேர்ச்சியாகவும் இருக்கலாம், தோல்வியாகவும் இருக்கலாம். வெளியே வந்து யாரிடமும் ஜோசியம் கேட்காதீர்கள். தேர்ச்சி கிடைக்காவிட்டால் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம்.