பேருந்தில் போய் குனோங் ராபாட்டில் சாப்பிடுவது

குனோங் ராபாட் ஈப்போ நகரின் நடுப்பகுதியிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கிறது. காரில் போகிறவர்களுக்கு இது ஒரு தூரமே அல்ல. பேருந்தில் போகிறவர்களில் பலர் சரியான பேருந்தில் ஏறித் தவறான இடத்தில் இறங்குகிறார்கள்; வெயிலில் மலையைச் சுற்றி நடந்து, கடை மூடும் நேரத்தில் போய்ச் சேருகிறார்கள். ஏறுவது எளிது. இறங்குவதும் திரும்பி வருவதும்தான் கவனம் கேட்பவை.

பயணத்தைப் பேருந்து நிலையத்திலிருந்து திட்டமிடக் கூடாது; கடையிலிருந்து திட்டமிட வேண்டும். ஈப்போ வட்டாரத்தில் காலைக் கடை வேறு, பகல் கடை வேறு, இரவுக் கடை வேறு. தோசையும் ரொட்டி சானாயும் சூடாகக் கிடைப்பது காலையில். சீனர் காப்பிக் கடைகளில் மீ, கொய்தியாவ் விற்கும் அங்காடிகள் பல, பகல் சாப்பாட்டு நேரம் முடிந்ததும் பாத்திரம் கழுவத் தொடங்கிவிடும். வாழை இலைச் சாப்பாட்டுக்கு 12 மணியை ஒட்டிப் போனால் எல்லாக் கறியும் இருக்கும். 2 மணிக்குப் போனால் மிஞ்சியதுதான். பிற்பகல் 3 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட நேரம் வெற்று நேரம்: பகல் கடை மூடியிருக்கும், இரவுக் கடை திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக முஸ்லிம் கடைகள் மூடப்படும். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடும் கடைகள் நிறைய. அந்த நாள் எது என்று கிளம்புமுன் கடைக்கு ஒரு போன் போட்டுக் கேட்பதே நல்லது. இணையத்தில் போட்டிருக்கும் நேரத்தை மட்டும் நம்பிக் கிளம்பக் கூடாது.

புறப்படும் இடம் மேடான் கிட், அதாவது ஈப்போவின் உள்ளூர்ப் பேருந்து நிலையம். கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் இரண்டரை மணி நேரப் பயணத்தில் வருகிறவர்கள், 1917-இல் கட்டி முடிக்கப்பட்ட ஈப்போ ரயில் நிலையத்தின் வெள்ளைக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து நடந்தே மேடான் கிட்டை அடையலாம். விரைவுப் பேருந்தில் வருகிறவர்கள் நகருக்கு வடக்கே மேரு ராயாவில் உள்ள அமான்ஜெயா முனையத்தில் இறக்கிவிடப்படுவார்கள். அங்கிருந்து மேடான் கிட்டுக்கு ஓர் உள்ளூர்ப் பேருந்து பிடிக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. ஆக, பேருந்திலேயே ஊர் சுற்ற எண்ணுகிறவர்களுக்கு ரயிலே மேல்.

பெயர்க் குழப்பத்தை ஏறுமுன்னரே தீர்த்துக்கொள்ள வேண்டும். வெளியூர்த் தமிழர்களுக்கு ஈப்போவில் மலை, குகை, கோயில் என்றால் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம்தான் நினைவுக்கு வரும். அது இருப்பது குனோங் சீரோவில். குனோங் ராபாட் இருப்பது நகரின் இன்னொரு பக்கம். 'குனோங்' என்று மட்டும் சொல்லி டிக்கெட் கேட்டால் வேறு திசைக்குப் போக நேரும். சாலைப் பெயரும் அப்படித்தான். ஊர்க்காரர்கள் இன்றும் கோப்பெங் சாலை என்பார்கள். கைப்பேசி வரைபடமும் கடை முகவரியும் ஜாலான் ராஜா டாக்டர் நஸ்ரின் ஷா என்று காட்டும். இரண்டும் ஒன்றே. வழி கேட்கும்போது பழைய பெயரையும், வரைபடத்தில் தேடும்போது புதிய பெயரையும் பயன்படுத்தினால் வேலை சுலபமாக முடியும்.

கோப்பெங் வழியாகக் கம்பார் போகும் 66-ஆம் எண் பேருந்து இந்தச் சாலை வழியாகவே செல்கிறது. எண்ணைவிட முன்கண்ணாடியில் எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்ப்பது நம்பகமானது, ஏனென்றால் தடங்களும் எண்களும் அவ்வப்போது மாற்றப்படுகின்றன. ஏறும்போது ஓட்டுநரிடம் "லாலு குனோங் ராபாட் தாக்?" (குனோங் ராபாட் வழியாகப் போகுமா?) என்று ஒரு முறை கேட்டுவிட வேண்டும். மலாய்க்காரர் என்றால் 'பாக்சிக்', தமிழர் என்றால் 'அண்ணே', சீனர் என்றால் 'அங்கிள்' என்று கூப்பிட்டுக் கேட்டால், இறங்கும் இடம் வந்ததும் அவரே திரும்பிப் பார்த்துச் சொல்வதும் உண்டு. கட்டணத்துக்கு ஒரு வெள்ளித் தாள்களும் சில்லறைக் காசுகளும் கையில் இருக்க வேண்டும். ஐம்பது வெள்ளித் தாளை நீட்டி ஓட்டுநரைத் திணறடிப்பது முறையல்ல. பேருந்துக்குள் ஓட்டுநருக்குப் பின்னால், சாலை தெரியும் இருக்கையே சரியான இருக்கை.

இறங்கும் இடம்தான் சிக்கல். குனோங் ராபாட் என்பது ஒரே ஒரு நிறுத்தத்தின் பெயர் அல்ல. முதலில் அது ஒரு சுண்ணாம்புக்கல் மலை. கிந்தா பள்ளத்தாக்கில் தரையிலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும் மலைகளில் ஒன்று. பிறகு அந்த மலையை ஒட்டி வளர்ந்த ஊர், தமிழ்ப்பள்ளி, கடைத்தெரு, தாமான்கள் (குடியிருப்புப் பகுதிகள்) என எல்லாவற்றுக்கும் அதே பெயர். கம்பார் பேருந்து போவது மலையின் சாலைப் பக்கம். அங்கே சாம் போ தோங் முதலிய சீனக் குகைக் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. அருகே பம்ப்ளிமாஸ் பழம் தொங்கும் கடைகள். அந்தப் பழக் கடைகளே இறங்கும் இடத்துக்குத் தெளிவான அடையாளம். கடைகள் கண்ணில் பட்டதும் மணியை அழுத்திவிட வேண்டும்.

போக வேண்டிய சாப்பாட்டுக் கடை இந்தச் சாலை ஓரத்தில் இருந்தால் அதோடு வேலை முடிந்தது. ஊருக்குள்ளேயோ மலைக்குப் பின்பக்கம் உள்ள தாமான்களிலோ இருந்தால்தான் பலர் ஏமாறுகிறார்கள். வரைபடத்தில் சாலைப் பக்கம் உள்ள சாம் போ தோங் குகைக்கும் மலையின் பின்பக்கம் உள்ள கெக் லோக் தோங் குகைக்கும் நடுவில் ஒரு விரல் அகலம்தான் தெரியும். அந்த விரல் அகலத்தில் நிற்பது முழு மலை. ஊடே வழி கிடையாது. சுற்றித்தான் போக வேண்டும். எனவே கைப்பேசியில் நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காமல், நடைவழித் தூரத்தைப் பார்த்துவிட்டே எங்கே இறங்குவது என்று முடிவு செய்ய வேண்டும். ஊருக்குள் இருக்கும் கடை என்றால், பேருந்து மலையை எட்டுவதற்கு முன்பே, குனோங் ராபாட் ஊருக்குத் திரும்பும் சந்திப்புக்கு அருகில் இறங்குவது பெரும்பாலும் நல்லது. மலையின் பின்பக்கக் கடை என்றால் பிரதான சாலையில் இறங்கி, அங்கிருந்து கிரேப் வாடகைக் கார் பிடிப்பதே புத்திசாலித்தனம். முழுத் தூரத்துக்கும் கிரேப் எடுப்பதைவிட இது மலிவு. நண்பகல் வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து போனவருக்குச் சாப்பாட்டின் ருசி தெரியாது. உள் தாமான்களுக்குப் போகும் பேருந்து அன்றைக்கு உண்டா என்று மேடான் கிட்டிலேயே விசாரிக்கலாம். அடுத்த வண்டிக்கு அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டுமென்றால் கம்பார் பேருந்தில் ஏறிவிடுவது மேல்.

கடையில் உட்கார்ந்த பிறகு வழிகாட்டி தேவையில்லை. ஒன்று மட்டும்: திரும்பும் பேருந்து எங்கே நிற்கும், கடைசியாக எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சாப்பாடு சொல்லும்போதே கடைக்கார அண்ணனிடமோ பரிமாறும் அக்காவிடமோ கேட்டுவிட வேண்டும். தினமும் அதே பேருந்தில் வேலைக்கு வருகிறவர் ஒருவர் கடையில் இருப்பார். அவர் சொல்லும் நேரம் அட்டவணையைவிடச் சரியாக இருக்கும்.

குனோங் ராபாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த பண்டம் ஹியோங் பியா. மொறுமொறு மேலோடும் உள்ளே பாகுபோல் இளகிய மால்ட் சர்க்கரையும் மேலே எள்ளும் கொண்ட சீன பிஸ்கட் அது. அதைச் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்க வேண்டும். முதலில் வாங்கிப் பையில் திணித்தால் நொறுங்கிவிடும். பழைய முறையில் செய்கிறவர்கள் சிலர் பன்றிக் கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவர்களும் முஸ்லிம்களும் கேட்டு வாங்குவது அவசியம்.

திரும்பும் நிறுத்தம் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும். இந்தச் சாலையில் வண்டிகள் வேகமாகப் போகும். பேருந்து தூரத்தில் வருவதைப் பார்த்துவிட்டு ஓடிக் கடப்பது உயிருக்கு ஆபத்து. சமிக்ஞை விளக்கு உள்ள சந்திப்பு வரை நடந்து கடந்து, பேருந்து வருமுன்பே எதிர்ப்புறத்தில் போய் நிற்க வேண்டும். பேருந்து வந்ததும் கையை நன்றாக நீட்டிக் காட்ட வேண்டும்; சும்மா நிற்கிறவருக்காக அது நிற்காமல் போய்விடலாம். கம்பார் பக்கமிருந்து வருவதால் வழி நெரிசலைப் பொறுத்து நேரம் முன்பின் ஆகும். பிற்பகல் மழை ஈப்போவில் அடிக்கடி கொட்டும். எல்லா நிறுத்தத்திலும் கூரை இருக்காது. குடை இல்லாமல் கிளம்பக் கூடாது. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்கள் போகும்போது பேருந்து, வரும்போது கிரேப் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தைப்பூசத்தன்று இந்தப் பயணத்தைத் தவிர்த்துவிட வேண்டும். கல்லுமலைக்குப் போகும் கூட்டத்தால் நகரச் சாலைகள் அடைபட்டுப் பேருந்துகள் நேரத்துக்கு வருவதில்லை. மற்ற நாள்களில் காலை 11 மணிக்கு மேடான் கிட்டில் ஏறி, பகல் சாப்பாடு முடித்து, 3 மணிக்குள் திரும்பும் நிறுத்தத்துக்கு வந்துவிடுவதே வசதியான கணக்கு. இரவுக் கடைக்குப் போகிறவர்கள் திரும்புவதற்குப் பேருந்தை நம்பக் கூடாது; இருட்டிய பிறகு இந்தத் தடத்தில் வண்டி குறைவு.