காப்பி-ஆன்-ரைட்டும் ஃபைல் சிஸ்டம் சோதனைகளும்: முக்கியக் குறிப்புகள்

(ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் ஷிப்டு முடிந்து வந்து படிக்கிற கணினி அறிவியல் தேர்வர்களுக்கு)

• முதலில் ஓர் உள்ளூர் உதாரணம். 1965-இல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004 பிப்ரவரி 9-இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பழைய நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்: எழுதிய ஆண்டைப் பொறுத்துச் சேலம் மாவட்டம் என்றோ தருமபுரி மாவட்டம் என்றோ இருக்கும். அதை யாரும் அடித்துத் திருத்தவில்லை. நிலம் கைமாறியபோது எழுதிய புதுப் பத்திரத்தில்தான் கிருஷ்ணகிரி வந்தது. காப்பி-ஆன்-ரைட் என்பதும் இதுதான். பழைய பிளாக்கின் மேல் எழுதாமல் மாற்றத்தைப் புது பிளாக்கில் எழுதி, சுட்டியை அதன் பக்கம் திருப்புவது.

• அந்தச் சுட்டியும் ஒரு பிளாக்கில்தானே இருக்கிறது? அதற்கும் புது பிளாக், அதன் தாய்க்கும் புது பிளாக் என்று மரத்தின் வேர்வரை போகும். சூப்பர்பிளாக் கடைசியில் மாறும். நடுவில் கரண்ட் போனாலும் பழைய மரம் குலையாமல் இருக்கும்.

• ஆண்டுகள்: இசட்எஃப்எஸ், சன் நிறுவனம், 2005. பட்டர்எஃப்எஸ், ஆரக்கிளில் கிறிஸ் மேசன் 2007-இல் தொடங்கியது, லினக்ஸ் 2.6.29-இல் சேர்ந்தது 2009. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ரீஃப்ளிங்க் (ஃபைல்கள் ஒரே பிளாக்குகளைப் பகிர்வது) வசதி, லினக்ஸ் 4.9, 2016. ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ், 2017.

• ஃபோர்க் அழைப்பில் தாய், சேய் புராசஸ்கள் நினைவகப் பக்கங்களைப் பகிர்வதற்கும் இதே பெயர்தான். அது நினைவகம், இது வட்டு. குழப்பிக்கொள்ள வேண்டாம்.

• இனிச் சோதனைகள். ஃபைல் சிஸ்டங்களைச் சோதிக்கும் தொகுப்பின் பெயர் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ். எக்ஸ்எஃப்எஸ்ஸுக்காக எஸ்ஜிஐ நிறுவனத்தில் பிறந்தது. இன்று இஎக்ஸ்டி4, பட்டர்எஃப்எஸ் எல்லாவற்றுக்கும் ஓடுகிறது. எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்றும் சொல்வார்கள். கட்டளைகளை ஓட்டி, வரும் வெளியீட்டை முன்பே சேமித்து வைத்ததோடு ஒப்பிடும். ஒரு வரி மாறினாலும் ஃபெயில்.

• தொல்லை தொடங்குவது இங்கேதான். சிப்காட் டூல் ரூமில் நின்றவர்களுக்கு இது புதிதல்ல: பீஸ் ரிஜெக்ட் ஆனால், குறை பீஸிலா கேஜிலா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்த இடத்திலேயே எழுதும் ஃபைல் சிஸ்டத்தை அளக்கச் செய்த கேஜ், காப்பி-ஆன்-ரைட்டில் நல்ல பீஸையும் தள்ளிவிடும்.

• எடுத்துக்காட்டு: ஒரே எக்ஸ்டென்ட்டாக (வட்டில் அடுத்தடுத்து இருக்கும் பிளாக்குகளின் தொடராக) இருக்கும் 1 எம்பி ஃபைலின் நடுவில் 4 கேபி மாற்றி எழுதுங்கள். பழைய முறையில் எக்ஸ்டென்ட் ஒன்றாகவே இருக்கும். காப்பி-ஆன்-ரைட்டில் முன்பாதி, புதுத் துண்டு, பின்பாதி என மூன்றாகும். எக்ஸ்டென்ட்டை எண்ணும் சோதனை ஃபெயில் ஆகும். உள்ளடக்கமோ சரியாகத்தான் இருக்கிறது. ஃபைல் சிஸ்டம் தருகிற வாக்குறுதி உள்ளடக்கத்தைப் பற்றியது, இருப்பிடத்தைப் பற்றியது அல்ல. எனவே செக்சம் ஒப்பிட வேண்டும்.

• எஃப்அலோகேட் அழைப்பு இடத்தை முன்பதிவு செய்யும். மாற்றி எழுதும் ஒவ்வொரு முறையும் புது இடம் வேண்டும் என்றால் முன்பதிவுக்கு என்ன பொருள்? 2019-இல் லினக்ஸ் 5.1-இல் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எப்போதும் காப்பி-ஆன்-ரைட் செய்யும் பிழைதேடல் முறை வந்தது. அதில் இந்த முன்பதிவுக்கு ‘ஆதரவில்லை’ என்றே பதில் வரும். அப்போது சோதனை ‘ஓடவில்லை’ என்று அறிவித்து விலக வேண்டும். ஃபெயில் என்று எழுதக் கூடாது.

• வட்டு நிறைந்துவிட்டால், இருக்கும் ஃபைலை அதே அளவில் மாற்றி எழுதக்கூட இடம் போதாமல் போகலாம். அழிப்பதற்கும் மெட்டாடேட்டாவுக்கு இடம் வேண்டும். பட்டர்எஃப்எஸ் இதற்கென்று சிறு ஒதுக்கீடு வைத்திருக்கிறது.

• ஸ்வாப் ஃபைலின் பிளாக்குகள் நகரக் கூடாது. பட்டர்எஃப்எஸ்ஸில் ஸ்வாப் ஃபைலுக்கு ஆதரவு வந்தது லினக்ஸ் 5.0-இல் (2019). சோதனைத் தொகுப்பே ‘சாட்டர் +சி’ கொடுத்து அந்த ஃபைலுக்குக் காப்பி-ஆன்-ரைட்டை நிறுத்திவிடும். ஃபைல் காலியாக இருக்கும்போதே கொடுக்க வேண்டும். செக்சமும் அதோடு போய்விடும்.

• நம் நாட்டுப் பங்கு: பிளாக் 4 கேபிதான் என்று எண்ணி எழுதிய பட்டர்எஃப்எஸ் சோதனைகள், 64 கேபி பக்கம் கொண்ட பவர் கணினிகளில் தவறாக ஃபெயில் ஆயின. ஐபிஎம்மில் இருந்தபோது சந்தன் அவற்றைத் திருத்தினார். 2023-இல் எக்ஸ்எஃப்எஸ் வெளியீட்டுப் பொறுப்பை ஏற்ற சந்தன் பாபு இவர்தான்.

• என் கருத்து ஒன்று. தொல்லை தரும் சோதனையையெல்லாம் ‘ஓடவில்லை’ பட்டியலில் தள்ளுவது சோம்பேறித்தனம். வசதி இல்லாததால் விலகுவது வேறு, காரணம் தெரியாமல் விலக்குவது வேறு.

• கண்ணில் படாமல் மாறும் சோதனைகளும் உண்டு. 2021-இல் வந்த கோர்யூட்டில்ஸ் 9.0 முதல், சாதாரண ‘சிபி’ கட்டளையே முடிந்த இடத்தில் பிளாக்கைப் பகிர்ந்துகொள்கிறது. ஃபைலைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து வட்டை நிரப்பும் சோதனை இப்போது நிரப்பாமலே பாஸ் ஆகலாம். ‘ரீஃப்ளிங்க்=நெவர்’ என்று கொடுங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் தரவைப் புதிதாக எழுதி நிரப்புங்கள்.