எட்டுச் சோதனைகளில் மூன்று கேள்விகள்

சோதனை செய்யும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மற்றவற்றை மாறாமல் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் உங்களுக்கு நாங்கள் சொல்லித் தருவது இதைத்தான். ஓம் விதியைச் சரிபார்க்க இது போதும். ஆனால் ஒரு பொருளின் தரத்தை உயர்த்த விரும்பும் பொறியாளரை இம்முறை ஏமாற்றிவிடக்கூடும். எப்படி என்று பார்ப்போம்.

மின்விசிறியைப் பிரித்தால் உள்ளே பால் பேரிங் இருக்கும். உள்வளையம், வெளிவளையம், இரண்டுக்கும் நடுவே உருளும் குண்டுகள், அவற்றை இடைவெளி விட்டு நிறுத்தும் கூண்டு ஆகியவை அதன் பாகங்கள். எஸ்.கே.எஃப். என்ற ஸ்வீடன் நாட்டு பேரிங் நிறுவனத்தில் நடந்த ஒரு சோதனையைப் பற்றி ஹெல்ஸ்ட்ராண்ட் என்பவர் 1989-இல் எழுதினார். கூண்டின் அமைப்பு, உள்வளையத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை, வெளிவளையப் பள்ளத்தின் வளைவு குண்டோடு பொருந்தும் அளவு ஆகிய மூன்று காரணிகள் அதில் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பழையது, புதியது என இரு நிலைகள். எனவே 2 × 2 × 2 = 8 சேர்க்கைகள்.

பேரிங்கின் ஆயுளைக் குறிக்கும் எண்கள் இவை. பழைய கூண்டில்: எதையும் மாற்றாதபோது 17, வளைவை மட்டும் மாற்றினால் 25, பதப்படுத்தலை மட்டும் மாற்றினால் 26, இரண்டையும் மாற்றினால் 85. புதிய கூண்டில் இதே வரிசையில் 19, 21, 16, 128.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவர் 17, 25, 26 என்ற எண்களோடு நின்றிருப்பார். இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்டால், 8-உம் 9-உம் கூட்டி 34 என்றிருப்பார். கிடைத்ததோ 85! ஒரு காரணியின் விளைவு மற்றொன்றின் நிலையைப் பொறுத்து மாறுவதை இடைவினை என்பர். ஐந்து மடங்கு ஆயுள் அந்த இடைவினையில்தான் ஒளிந்திருந்தது.

கூண்டு என்ன ஆயிற்று? அதற்குப் பெரிய பங்கில்லை. 85-க்கும் 128-க்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு மயங்க வேண்டாம். ஒரே மாதிரியான பேரிங்குகளின் ஆயுள்கூட வெகுவாகச் சிதறும். இன்னொன்றையும் கவனியுங்கள். கூண்டை மட்டும் ஒப்பிட்டாலும் வகைக்கு நான்கு வீதம் எட்டு பேரிங் தேவைப்பட்டிருக்கும். அதே எட்டில் மற்ற இரு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டது அல்லவா?

காரணிகள் ஏழு என்றால் 128 சேர்க்கைகள். யாரால் முடியும்? அவற்றிலிருந்து முறையாகத் தேர்ந்த எட்டை மட்டும் சோதித்து, முக்கியமானவற்றைச் சலித்தெடுக்கலாம். ஆனால் தனி விளைவும் இடைவினையும் ஒன்றோடொன்று கலந்துவிடும். தொடக்கத்தில் இந்த விலையைக் கொடுக்கலாம். முடிவெடுக்கும் கட்டத்தில் கூடாது என்பது என் கருத்து. கையிலுள்ள பணம் முழுவதையும் முதல் சோதனையிலேயே செலவழிப்பதும் சரியன்று.

இரு நிலைகளுக்கு நடுவே உச்சம் இருந்தால் மேற்சொன்ன திட்டங்கள் அதைக் காட்டா. இரு புள்ளிகளைக் கொண்டு நேர்கோடுதான் வரைய முடியும். இதற்காக பாக்ஸ், வில்சன் இருவரும் 1951-இல் ஒரு வழி கூறினர். மூன்று காரணிகளை ஒரு கனசதுரமாக எண்ணிக்கொள்ளுங்கள். 8 மூலைகள், அச்சுகளின் மேல் 6 புள்ளிகள், நடுவில் ஓரிரு மறுசோதனைகள். பெரும்பாலும் இருபதுக்குள் வேலை முடிந்துவிடும். ஒவ்வொரு காரணிக்கும் மூன்று நிலை வைத்து எல்லாச் சேர்க்கைகளையும் சோதித்தால் 27 ஆகும்.